போசன் ஊரில் பத்து நாள்

டிசம்பர் 12, 2024, வியாழன். மணிலா

கூட்டம் நகரவே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலைய வாசலுக்கு வந்தால், எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ரியாத், துபாய், ஹாங்காங் என்று பல ஊர்களிலிருந்து கிறிஸ்துமஸுக்காக வந்து இறங்கியவர்கள். ஒரே ஒரு ஆளை அழைத்துப்போக ஒரு வேன் நிறைய சொந்தம் வந்திருந்தது. தாத்தா, பாட்டி, அண்ணன் பிள்ளைகள், கைக்குழந்தை எல்லாம்.

எனக்கு நேர் முன்னால் ஒரு பெண் டிராலியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எதிரே நான்கு வயதுப் பையன். அவனுக்குப் பின்னால் பாட்டி. 'மாமா, மாமா' என்று சொல்லி அவனை மெல்ல முன்னால் தள்ளினார் அந்தப் பாட்டி. இங்கே மாமா என்றால் அம்மா. பையன் திரும்பிப் பாட்டியின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்தப் பெண் அவனை இழுக்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற ஐம்பது பேரில் ஒருவர்கூட 'வழி விடுங்கள்' என்று குரல் கொடுக்கவில்லை. நானும் நின்றேன்.

சரி, நான் எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடம் சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக ஓடினேன். மூன்று வருடத்துக்கு முன் இறங்கி, தூத்துக்குடியிலேயே கடை போட்டுவிட்டேன். கப்பலில் என்னோடு இரண்டு முறை வேலை பார்த்தவர் ஒரு பிலிப்பினோ போசன். டெக்கில் வேலை செய்கிற மாலுமிகளுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. எல்லாரும் போஸ் என்றே கூப்பிடுவோம். 2020-இல் கொரோனா வந்து துறைமுகங்கள் ஆள் மாற்றத்தை நிறுத்தியபோது, ஒன்பது மாத ஒப்பந்தத்துக்கு ஏறிய நாங்கள் பதினான்கு மாதம் கப்பலிலேயே கிடந்தோம். அந்த ஏப்ரலில் அவருடைய அப்பா இறந்துபோனார். போக வழியில்லை. மெஸ் ரூமில் மெழுகுவர்த்தி ஏற்றி, இருபத்திரண்டு பேரும் நின்றோம். 'ஒரு நாள் என் வீட்டுக்கு வா, என் அம்மா கையால் சாப்பிடு' என்று அப்போது சொன்னார். நாலரை வருடம் கழித்து வந்திருக்கிறேன்.

வாடகைக் கார்க்காரர் மீட்டரைப் போடவில்லை. 800 பெசோ கேட்டு 600-க்கு இறங்கி வந்தார். ஒரு பெசோ நம் பணத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை ரூபாய். விடுதியில் பெட்டியைத் திறந்து பார்த்தால், மனைவி எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக் கொடுத்த மக்ரூனில் பாதி தூளாகிவிட்டிருந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது.

டிசம்பர் 13, வெள்ளி. காலாவ் சாலை

லுனேட்டா பூங்காவை ஒட்டிய இந்தச் சாலையின் பெயரைப் பதினான்கு வருடமாகக் கப்பலில் கேட்டிருக்கிறேன். 'காலாவில் நின்றேன், கப்பல் கிடைத்தது' என்பார்கள். அதைப் பார்க்காமல் மணிலாவை விட்டுப் போகக்கூடாது என்று காலையிலேயே நடந்து போனேன்.

மரநிழலில் நூற்றுக்கணக்கில் ஆண்கள். ஒவ்வொருவர் கையிலும் சான்றிதழ்கள் அடைத்த பிளாஸ்டிக் உறை. ஏஜென்சிக்காரர்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆயிலர் இரண்டு, ஃபிட்டர் ஒன்று, சீஃப் குக் ஒன்று, உடனே ஏற வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உலகத்துக் கப்பல்களுக்கு மிக அதிகமாக மாலுமிகளை அனுப்புகிற நாடு இது. அந்த வேலையெல்லாம் இப்படி ஒரு நடைபாதையில் வைத்துத்தான் பேசி முடிக்கப்படுகிறது என்பது நேரில் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

தாஹோ விற்பவர் இரண்டு அலுமினியப் பாத்திரங்களைக் காவடி மாதிரி தோளில் சுமந்து வந்தார். சூடான சோயாத் தயிர் மாதிரி ஒன்று, மேலே வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். 25 பெசோ. அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு வயதான ஃபிட்டர் பேச்சுக் கொடுத்தார். நானும் கப்பல்காரன் என்றதும் தன் பெஞ்சில் இடம் ஒதுக்கினார்.

அவர் பேசியது இரண்டே விஷயம். ஒன்று, செப்டம்பர் 23-இல் ஜனாதிபதி கையெழுத்திட்ட மாலுமிகளுக்கான புதிய சட்டம். உரிமைச் சாசனம் என்று பெயர். நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன என்றார். ஆனால் கப்பலில் உடம்பு கெட்டு வழக்குப் போட்டு ஜெயிக்கிற மாலுமி, கம்பெனியின் மேல்முறையீடு முடிவதற்குள் அந்தப் பணத்தைத் தொட வேண்டுமென்றால், தானே பிணை கட்ட வேண்டுமாம். 'முதுகு உடைந்தவன் பிணைக்கு எங்கே போவான்?' என்று கேட்டார். எனக்கும் அதுதான் கேள்வி.

இன்னொன்று, கேலக்ஸி லீடர். 2023 நவம்பர் 19-இல் செங்கடலில் யேமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்கள் பிடித்துப்போன கப்பல். அதிலிருந்த 25 பேரில் 17 பேர் இந்த நாட்டுக்காரர்கள். வருடம் தாண்டியும் விடவில்லை. இந்த மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்ததில் இறந்தவர்களில் இரண்டு பேர் பிலிப்பினோக்கள். 'அந்த வழியாகப் போக மாட்டேன் என்று சொல்ல இப்போது உரிமை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மாட்டேன் என்று சொன்னவனை அடுத்த தடவை யார் கூப்பிடுவார்?' என்றார்.

ஓரமாக ஒரு பையன், இருபது வயதுதான் இருக்கும், ஒரு ஏஜென்சிக்காரருக்குக் காபி வாங்கிக்கொண்டு ஓடினான். அவன் யூட்டிலிட்டி என்றார் ஃபிட்டர். மரைன் படிப்பு முடித்தவன். சம்பளமில்லாமல் எடுபிடி வேலை செய்கிறான், கார் கழுவுகிறான், என்றாவது ஒரு நாள் தன்னைக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று. பத்து மாதம் ஆகிறதாம். அவன் சட்டை நன்றாக இஸ்திரி போட்டிருந்தது. அதை யாரோ வீட்டில் தினமும் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்கள்.

டிசம்பர் 14, சனி. மபினி

மணிலாவிலிருந்து தெற்கே பத்தாங்காஸ் நகரம்வரை பஸ், அப்புறம் ஜீப்னி, எதிரெதிரே உட்கார்ந்து போகிற நீள ஜீப். கிறிஸ்துமஸ் நெரிசலில் மூன்று மணி நேரப் பயணம் ஐந்தரை மணி நேரம் ஆனது. ஜீப்னியில் ஒன்று கவனித்தேன். கடைசியில் உட்கார்ந்திருப்பவர் 'பயாட் போ' என்று காசை நீட்டினால், கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போகிறது. மீதிச் சில்லறையும் அப்படியே திரும்பி வருகிறது. எட்டுப் பேர் கையைத் தாண்டிய என் நூறு பெசோத் தாளுக்கு மிச்சம் ஒரு காசு குறையாமல் வந்தது. அந்தப் 'போ' நம் 'ங்க' மாதிரி. வாக்கியத்தில் எங்காவது ஒரு 'போ' போடாமல் பெரியவர்களிடம் யாரும் பேசுவதில்லை.

போஸ் சாலையிலேயே நின்றிருந்தார். ஐம்பத்துநாலு வயது. முதுகுத் தட்டு விலகி, போன வருடம் மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

வாசலில் அவருடைய அம்மா. எழுபத்தொன்பது வயது, லோலா என்றுதான் எல்லாரும் அழைக்கிறார்கள், பாட்டி என்று பொருள். குனிந்து அவர் புறங்கையை என் நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். கப்பலில் போஸ் வீடியோவில் காட்டியது நினைவிருந்தது. லோலா சிரித்து என் கன்னத்தைத் தட்டினார். உள்ளே போவதற்குள் 'கயின் தாயோ' என்றார். வாங்க சாப்பிடலாம். இதை இந்த ஊரில் யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், தெருவில் போகிறவரைப் பார்த்துக்கூடச் சொல்கிறார்கள்.

மண்சட்டியில் துலிங்கான் மீன். நம் ஊர் எலிச்சூரை. இரண்டு பக்கமும் கீறி, உப்புத் தேய்த்து, உள்ளங்கையால் தட்டையாக அமுக்கி, சட்டியின் அடியில் உலர்ந்த பிலிம்பிக்காய் பரப்பி, வாழையிலை போட்டு மூடி, சிறுதீயில் இரவெல்லாம் வேகவைத்தது. முள் மெத்தென்று ஆகிவிடுகிறது. அடியில் நிற்கிற உப்புப் புளிப்புச் சாற்றைச் சோற்றில் ஊற்றிக்கொள்ள வேண்டும். மூன்று தட்டு சாப்பிட்டேன். என் அம்மா இறந்த பிறகு மண்சட்டிச் சூரைக்கு இப்படி ஒரு ருசியை நான் பார்த்ததில்லை.

மக்ரூன் தூளை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கொடுத்தேன். வெளியூரிலிருந்து வருகிறவர் கொண்டுவரும் பண்டத்துக்கு இங்கே பசலுபோங் என்று தனிப் பெயரே உண்டு. லோலா ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, தூளை ஒரு பருக்கை சிந்தாமல் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலம் பக்கத்துக் கடைக்கு சோப்பு வாங்கப் போனேன். வீட்டு முன்னறையையே கடையாக வைத்திருக்கிறார்கள், ஒற்றை ஷாம்பூ பாக்கெட், ஒற்றைச் சிகரெட்கூடக் கிடைக்கும். என்னைக் கண்டதும் ஒரு சின்னப் பெண் 'பும்பாய்!' என்று வீறிட்டு உள்ளே ஓடிவிட்டாள். கடைக்கார அம்மாவின் முகமும் மாறியது. இங்கே இந்தியர் என்றால் பும்பாய்தான். மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிக்குக் கொடுக்கும் பஞ்சாபிகளைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஐந்து கொடுத்தால் ஆறு வாங்குவார்கள், அதனால் அந்தக் கடனுக்கே ஐந்து-ஆறு என்று பெயர். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளைப் 'பும்பாய் பிடித்துப்போவான்' என்று பயமுறுத்துவார்களாம். எனக்குச் சுருக்கென்றது. லோலா விஷயம் கேள்விப்பட்டு, அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிவந்து, 'இவர் கூயாவோடு, அதாவது அண்ணனோடு, கப்பலில் போனவர்' என்று சொல்லி என் பக்கத்தில் உட்காரவைத்தார்.

டிசம்பர் 15, ஞாயிறு. புலோங் அனாஹாவ்

மபினியில் ஒரு கிராமம் இது. 'குட்டி இத்தாலி' என்பார்கள். டிரைசிக்கிளில் போஸோடு போனேன். தென்னையும் வாழையும் நிற்கிற மேட்டில் திடீரென்று தூண் வைத்த வீடுகள், வளைவு வாசல்கள், மஞ்சள் சுவர், இரும்புப் பூவேலை செய்த மாடங்கள். மிலானிலும் ரோமிலும் வீட்டு வேலை செய்கிறவர்கள், முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை. பெரும்பாலும் பெண்கள்தான் முதலில் போனார்கள்.

போஸின் மனைவியும் அப்படித்தான். அவருடைய அக்கா 1980-களிலேயே போய், ஒளிந்து வேலை பார்த்து, 1990-இல் இத்தாலி அரசு காகிதம் இல்லாதவர்களுக்கு வரன்முறை செய்து கொடுத்தபோது அனுமதி வாங்கினார். பின்னால் ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டார். 2003-இல் போஸின் மனைவி போனபோது மகளுக்கு மூன்று வயது.

நாங்கள் போன தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. ஒரு வீட்டில் மட்டும் பெருக்கும் சத்தம். கத்திவாலா, அதாவது வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பி விட்டுப்போன ஆள். ஐம்பது வயதுப் பெண். போஸுக்குத் தெரிந்தவர் என்பதால் உள்ளே கூப்பிட்டார். சோபா எல்லாம் பிளாஸ்டிக் உறையோடு. பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. சுவரில் இத்தாலியக் காலண்டர் 2023 ஆகஸ்டிலேயே நின்றிருந்தது. அங்கே ஆகஸ்டில்தான் முதலாளிகள் விடுமுறைக்குக் கிளம்புவார்கள், அப்போதுதான் இவர்களும் வர முடியும்.

அவர் என்னென்ன செய்கிறார் என்று நானாகத்தான் கேட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுகிறார், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். படுக்கைகளை வெயிலில் போட்டு எடுக்கிறார். காரை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடுகிறார். சனிக்கிழமை அடுப்பைப் பற்றவைத்து ஒரு பானை சோறு வைக்கிறார். 'சோறே பொங்காத வீடு வீடா?' என்றார். சம்பளம் மாதம் 4,000 பெசோ. வீட்டுக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டேன். நல்லவர்கள், இருபது வருடத்தில் மொத்தம் ஏழு மாதம் இந்த வீட்டில் தங்கியிருப்பார்கள் என்றார்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் லோமி. கெட்டியான முட்டைக் குழம்பில் தடித் தடியாக நூடுல்ஸ், மேலே பன்றி ஈரல். 90 பெசோ. பத்தாங்காஸ்காரர்கள் உயிரை விடுகிறார்கள் அதற்கு. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள். விடியலுக்கு முன்

மூன்று மணிக்கே லோலா எழுப்பிவிட்டார். இன்றிலிருந்து ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை, சிம்பாங் கபி. ஸ்பானியர் காலத்தில் உழவர்கள் வயலுக்குப் போகும்முன் கும்பிட்டுவிட்டுப் போக ஏற்பட்டது. வாடைக்காற்றுக்கு அமிஹான் என்கிறார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் குளிர். வீட்டுக்கு வீடு பாரோல் என்கிற நட்சத்திர விளக்கு. நாலு மணிக்குக் கோயில் முற்றம்வரை ஆள்.

போஸ் சட்டைப் பையில் போனை வைத்திருந்தார், கேமரா வெளியே தெரியும்படி. அதில் அவர் மனைவி. இங்கே நாலு மணி என்றால் மிலானில் முந்தைய இரவு ஒன்பது. தான் கவனித்துக்கொள்ளும் தொண்ணூறு வயது அம்மாளைப் படுக்கவைத்துவிட்டு, அந்த வீட்டுச் சமையலறையில் நின்றபடி பூசை பார்க்கிறார். சத்தம் கேட்டால் அந்த அம்மாள் விழித்துக்கொள்வார் என்பதால் உதடு மட்டும் அசைகிறது. சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்ததும் எல்லாரும் பக்கத்திலிருப்பவர்களுக்குத் தலை குனிந்தார்கள். லோலா மகன் சட்டைப் பைக்குக் குனிந்தார். சுற்றிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேராவது அப்படிப் போனைப் பிடித்திருந்தார்கள்.

பாதிரியார் கடலில் இருப்பவர்களுக்காகவும் அந்த 17 பேருக்காகவும் வேண்டச் சொன்னார். போஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆவி பறக்கிற கடைகள். ஒரு கடையில் மூங்கில் குழாய்கள் குத்திட்டு நின்றன. ஊதா நிற அரிசி மாவை அதில் அடைத்து அவித்து, இலையில் தட்டி, வெண்ணெய் தடவி, தேங்காய்த்துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவிக் கொடுத்தார்கள். பெயர் புத்தோ பும்போங். புத்தோ! நான் 'புட்டு, எங்கள் ஊரிலும் புட்டு' என்று சொல்லிக் கையால் குழாயைத் தட்டிக் காட்டினேன். கடைக்காரப் பெண் 60 பெசோவை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். லோலா பையிலிருந்து அந்தக் கண்ணாடி ஜாடியை எடுத்து, மக்ரூன் தூளை என் புட்டின் மேல் தூவினார். முந்திரியும் சர்க்கரையும் அந்தத் தேங்காயோடு அவ்வளவு பொருந்தியது.

டிசம்பர் 18, புதன். பெட்டி

செப்டம்பர் கடைசியில் மிலானிலிருந்து கப்பலேறிய பலிக்பயான் பெட்டி இன்றைக்கு வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் அட்டைப்பெட்டி, இடுப்பு உயரம் இருக்கும். ஒரு மூலை கிழிந்து எண்ணெய் கசிந்திருந்தது. திறந்து பார்க்கும்முன் கையெழுத்துக் கேட்டார்கள், போஸ் போட்டுவிட்டார். உள்ளே இரண்டு ஆலிவ் எண்ணெய்ப் பாட்டில் உடைந்து, எல்லாவற்றிலும் ஊறியிருந்தது. கம்பெனிக்குப் போன் செய்தால் கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்றார்கள். மூன்று மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நிரப்பிய பெட்டி. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

லோலா ஒன்றும் சொல்லவில்லை. பெரிய அலுமினியத் தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார். காபி டின், பாஸ்தா, சாக்லேட், சோப்பு, துண்டு, ஒவ்வொன்றாகத் துடைத்தார். இரவு பதினொன்றரைவரை. பக்கத்திலேயே ஒரு தாள், யார் யாருக்கு எது என்று. கடைக்கார அம்மா, கோயில் பெருக்குகிறவர், பேத்தியின் பழைய ஆசிரியை, அந்தச் சின்னப் பெண். முப்பத்தொரு பெயர். அவர் பெயர் அதில் இல்லை.

பேரனுக்குக் கறுப்பு ஷூ. பதினாறு வயதுப் பையன், போட்டுப் பார்த்தால் அச்சாகப் பொருந்தியது. மூன்று வருடமாக நேரில் பார்க்காத பிள்ளைக்கு அவன் அம்மா எப்படிச் சரியாக வாங்கினார் என்று கேட்டேன். பையன் லோலாவைக் கைகாட்டினான்.

டிசம்பர் 19, வியாழன். மழை

காலையிலிருந்து மழை. அக்டோபரில் கிறிஸ்டீன் புயலில் இந்த மாகாணத்தில், தால் ஏரிக்கரையில் தலிசாய் பக்கம் மண் சரிந்து பலர் இறந்தார்கள். அதிலிருந்து மழை சத்தமாகப் பெய்தாலே லோலா ஜன்னலருகே போய் நின்றுவிடுகிறார். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எனக்கு ஏதாவது செய்யக் கிடைத்ததே என்று கழற்றினேன், கெபாசிட்டர் போயிருந்தது. 180 பெசோவுக்குப் புதிது வாங்கி மாட்டினேன்.

அப்போதுதான் லோலா அந்த நோட்டுகளை எடுத்துவந்தார், மோட்டார் எந்த வருடம் வாங்கியது என்று பார்க்க. பள்ளிக்கூட நோட்டுகள், இருபத்தாறு. 1998-இல் மகன் முதல் கப்பல் ஏறியதிலிருந்து. இந்த நாட்டு மாலுமிகளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 சதவீதம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்த 80 சதவீதம் எங்கே போனது என்பது முழுக்க இதில் இருக்கிறது. சிமெண்ட் 40 மூட்டை. பேத்தி பல் பிடுங்கியது. கணவரின் ரத்த அழுத்த மாத்திரை. பேரன் காய்ச்சல், இரண்டு இரவு, டிரைசிக்கிள் கூலி. 2020 ஏப்ரல் பக்கத்தில் சவப்பெட்டி விலை, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் பாதிப் பக்கம் வெறுமை.

நடுவே மடித்த தாள்கள் விழுந்தன. பாதத்தின் வெளிக்கோடுகள், பென்சிலால் வரைந்தது. பேத்தியுடையது, பேரனுடையது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பிள்ளைகளைத் தாளில் நிற்கவைத்து வரைந்து, மிலானுக்குப் போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். இப்போது போட்டோ எடுத்து அனுப்புகிறார். மூன்று வயதுக் காலிலிருந்து வரிசையாகத் தரையில் பரப்பிக் காட்டினார். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன்.

2023-இல் மட்டும் 3,300 கோடி டாலருக்கு மேல் வங்கிகள் வழியாக இந்த நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் வெளியே இருப்பவர்கள். 1974-இல் வந்த தொழிலாளர் சட்டத்திலிருந்து ஆள் அனுப்புவது அரசு வேலையாகவே ஆகிவிட்டது, ஐம்பது வருடம். 1988-இல் அப்போதைய ஜனாதிபதி கொராசோன் அக்கினோ ஹாங்காங்கில் வேலை பார்க்கும் பெண்களைப் பார்த்து 'புதிய வீரர்கள்' என்றார். இன்றும் பேனர்களில் அதுதான் இருக்கிறது. சரியான சொல்தான், அந்த உழைப்பை நானும் கப்பலில் பார்த்தவன். ஆனால் அந்தப் பணத்தைச் சோறாகவும் படிப்பாகவும் ஆக்கின இந்தக் கைகளுக்கு இன்னும் யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை.

பேத்திக்கு இருபத்துநாலு வயது. பத்தாங்காஸ் நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். இரவு எட்டு மணிக்கு லேப்டாப்பில் ஜெர்மன் படிக்கிறாள், அடுத்த வருடம் கிளம்ப வேண்டும். எல்லாரும் தூங்கின பிறகு என்னிடம் கேட்டாள், 'அங்கிள், நான் போனால் லோலாவுக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அப்பாவால் குனிய முடியாது.' பதில் சொல்லத் தெரியவில்லை. சம்பளம் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். சொன்னாள். அதற்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் 21, சனி. கிளம்பியது

நேற்று குலுகோத் பாபோய் மலையில் ஏறினோம், பன்றி முதுகெலும்பு என்று பொருள். போஸ் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மேலே போகாமல் நானும் அவரோடு உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். எண்ணெய்க் கப்பல் ஒன்று பத்தாங்காஸ் வளைகுடாவுக்குள் வந்துகொண்டிருந்தது. என்ன டன் இருக்கும் என்று இரண்டு பேரும் ஊகித்தோம்.

லோலா என் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தார். கனத்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அங்கேயும் வழக்கமா, அவர் வழக்கமா தெரியாது. ஊருக்குப் போய்த்தான் திறக்க வேண்டும் என்றார். புறங்கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். அந்தச் சின்னப் பெண் ஓடிவந்து என் புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

ஜீப்னி கிளம்பும்வரை போஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். 'இங்காட்' என்றார். பத்திரம்.

ஜனவரி 23, 2025, வியாழன். தூத்துக்குடி

நேற்று கேலக்ஸி லீடர் கப்பலின் அந்த 17 பேரையும் மற்றவர்களையும் விட்டுவிட்டார்கள். ஓமானுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். போஸ் விடியற்காலையிலேயே குரல் அனுப்பியிருந்தார், அழுதுகொண்டே பேசினார்.

டப்பாவில் இருந்தது பராக்கோ காபித் தூள், லோலா தானே வறுத்து அரைத்தது. மேலே ஒரு அடுக்கு கடலைமிட்டாய் மாதிரி பனூட்சா, நம் கோவில்பட்டி மிட்டாய்க்குச் சொந்தக்காரன். காபி அடர்த்தி அதிகம், பால் விட்டாலும் கறுப்பு போகாது. இன்று காலை போட்டுக் குடித்தபோது மனைவியிடம் அந்த நோட்டுகளைப் பற்றி மறுபடியும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போனாள். பீரோவுக்குள், சேலைகளுக்கு அடியிலிருந்து ஏழு டைரிகளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் பார்த்ததே இல்லை.

பால் கணக்கு, சீட்டுப் பணம், மகள் ஃபீஸ். நடுவில் ஒரு பக்கம்:

'மே 11, 2020. பால் ஒரு லிட்டர். கேஸ் வந்தது. அத்தைக்கு மாத்திரை 340. சூயஸ் தாண்டிவிட்டதாக போன். லைன் சரியில்லை. சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை.'